பெற்றோர் வகுப்பு நடத்தச் சான்றிதழ் வேண்டுமா?

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கிலும் பங்கைச் சேர்ந்த பள்ளியிலும் பெற்றோருக்கான வகுப்பு தொடங்கும்படி பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். ஆறு தன்னார்வலர்கள் இருக்கிறோம். யாரும் உளவியல் படித்தவர்கள் இல்லை. ஒரு பயிற்சியாளர், இரண்டு நாளில் எங்களைத் தயார் செய்து சான்றிதழும் தருவதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார். சான்றிதழ் இல்லாமல் நடத்தினால் தவறாகுமா? என் மகனே என் பேச்சைக் கேட்பதில்லை, நான் போய் மற்றவர்களுக்கு என்ன சொல்வது?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். மகன் பேச்சைக் கேட்காத அம்மாதான் இந்த வேலைக்கு வேண்டும். ‘என் பிள்ளைகள் தங்கக் கம்பிகள்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவரைச் சேர்க்கத்தான் நான் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பேன். அவர் மூன்றாவது நிமிடத்தில் அறிவுரை ஆரம்பித்துவிடுவார். எதிரே இருக்கும் பெற்றோர் தலையாட்டிவிட்டு அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

சரி, சான்றிதழ். பெற்றோர் வகுப்பு நடத்த உரிமம் வாங்க வேண்டும் என்று திருஅவைச் சட்டத்தில் எங்கும் இல்லை. பங்குத்தந்தையின் அனுமதியும் பள்ளி முதல்வரின் சம்மதமும் போதும். ஏதாவது ஒரு பாடத்திட்டத்தின் பெயரைப் போட்டு நடத்தினால் மட்டும் அதன் உரிமையாளரின் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1965-இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த ஆசிரியர்கள் கூடிப் பேச இன்னொருவர் முத்திரை குத்திக் கொடுக்க வேண்டுமா? இந்த முறையும் புதிதல்ல. 1920-களில் வியன்னாவில் உளவியல் மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லர் பள்ளிகளிலேயே ஆலோசனை மையம் வைத்து, ஆசிரியர்களும் பெற்றோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடும்பங்களுடன் பேசினார். அவருடைய மாணவர் ருடால்ஃப் டிரைகர்ஸ் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே சாதாரணப் பெற்றோரே குழு நடத்தும் வழக்கம் அந்த மரபில் வளர்ந்தது.

உங்களிடம் தொகை கேட்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘எங்கள் வகுப்பின் நான்காவது வாரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்?’ சிக்கல் அந்த வாரத்தில்தான் வரும். ஒரு கணவனும் மனைவியும் குழுவிலேயே சண்டை போடுவார்கள், ஒருவர் மட்டும் ஓயாமல் பேசுவார், பாதிப் பேர் வரமாட்டார்கள். இரண்டு நாள் பயிற்சியாளர் அதற்குள் இன்னொரு பங்கில் இன்னொரு கட்டுப் புத்தகத்தை விற்றுக்கொண்டிருப்பார். இவர்களில் சிலர், ‘தொடர்புக்காக’ என்று பெற்றோரின் தொலைபேசி எண்களையும் கேட்பார்கள். தராதீர்கள். நான் உதவிய ஒரு பள்ளியில் வருகைப் பதிவேட்டை அப்படியே கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே பெற்றோருக்கு அந்த மனிதரின் சொந்த ஆலோசனை மையத்திலிருந்து அழைப்புகள் வர ஆரம்பித்தன. பிள்ளையைப் பற்றிய கவலையை நம்பிச் சொன்ன இடம் வாடிக்கையாளர் பிடிக்கிற இடமாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் யாரும் வாய் திறக்கவில்லை.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்றால், முதலில் நீங்கள் ஆறு பேரும் அந்த வகுப்பைப் பெற்றோராகவே முழுதாக முடியுங்கள். வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், ஆறு ஏழு வாரம். அந்த வாரம் கற்றதை வீட்டில் செய்து பார்த்து, சொதப்பியதை வந்து சொல்ல வேண்டும். உதாரணமாக, அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கார்டன் 1962-இல் தொடங்கிய பெற்றோர் பயிற்சியிலிருந்து பரவிய ‘நான்’ என்று தொடங்கிப் பேசும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நீ எப்பவும் லேட்’ என்பதற்குப் பதிலாக, ‘நீ சொன்ன நேரத்துக்கு வராதபோது நான் பயந்துபோகிறேன்’ என்பது. காகிதத்தில் எளிது. இரவு பத்தரைக்குக் கதவு திறக்கும்போது வாயில் வராது. வராத அனுபவம் உங்களுக்கு இருந்தால்தான், வரவில்லை என்று சொல்லும் அப்பாவிடம் நீங்கள் சிரித்துப் பேச முடியும்.

அப்புறம்தான் நடத்தும் பயிற்சி. எப்போதும் இரண்டு பேராக நடத்துங்கள். குழு பத்துப் பன்னிரண்டு பேரைத் தாண்டக் கூடாது. மிக முக்கியமான பாடம் வாயை மூடிக்கொள்வது. ஒரு பெற்றோர் ‘நான் என்ன செய்யட்டும்?’ என்று கேட்டால் பதில் சொல்லாமல், ‘வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?’ என்று குழுவிடம் திருப்பிவிட வேண்டும். அப்புறம் வரும் அமைதியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பழகத்தான் உங்களுக்குள் நடித்துப் பார்க்கிறீர்கள். ஆசிரியர்களை நடத்துநர்களாகப் போடவே போடாதீர்கள், கரும்பலகையைக் கண்டால் அவர்கள் கை சும்மா இருக்காது.

இனி, எல்லாரும் தவறு செய்யும் இடம். முதல் நாளே, ‘இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்’ என்று வாக்குக் கொடுப்பீர்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதே மூச்சில், ‘ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சொல்லியாக வேண்டும்’ என்பதையும் சொல்லிவிடுங்கள். கத்தோலிக்கக் குழுக்களில் இதை ஒப்புரவு அருளடையாளத்தோடு, அதாவது பாவசங்கீர்த்தனத்தோடு, போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எதையும் வெளியே சொல்லவே கூடாது என்ற இரகசிய முத்திரை, ஒப்புரவு அருளடையாளத்தில் குரு கேட்டதற்கு உரியது (திருஅவைச் சட்டம் 983). உங்கள் வட்ட நாற்காலிகளுக்கு அது கிடையாது. பங்குத்தந்தையே வந்து உட்கார்ந்து கேட்டாலும் கிடையாது.

எது ஆபத்து? கோபத்தில் ஒருநாள் அடித்துவிட்டேன் என்று ஓர் அப்பா கண் கலங்கினால், அதைக் குழுவிலேயே பேசலாம். காயம், சூடு வைத்தல், அறையில் பூட்டிப் பட்டினி போடுதல், பாலியல் தொந்தரவு என்று வந்தால் அது குழுவின் விஷயமே அல்ல. சிரித்துக்கொண்டே சொன்னாலும் அல்ல. ‘அது என் சின்ன வயதில் எனக்கு நடந்தது’ என்று ஒருவர் சொன்னாலும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அதைச் செய்தவர் இன்றும் பிள்ளைகள் அருகில் இருக்கிறாரா என்பதுதான் அடுத்து கவனிக்க வேண்டியது. நீங்கள் விசாரிக்கக் கூடாது, பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது. கேட்ட சொற்களை அன்றே அப்படியே எழுதி, பள்ளியிலோ பங்கிலோ பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் கொடுங்கள். அவசரமென்றாலோ பாலியல் தொந்தரவு என்றாலோ நேரே காவல்துறை. பங்குப் பேரவை கூடும்வரை காத்திருக்காதீர்கள்.

அந்தப் பொறுப்பாளர் யார் என்பதை வகுப்பு தொடங்குமுன் கண்டுபிடித்து வைப்பதும் உங்கள் வேலைதான். குருக்கள், துறவியர் மீதான புகாரைக் கொடுக்க எல்லா மறைமாவட்டங்களிலும் வழி இருக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இலேயே சட்டம் போட்டார். மறைமாவட்ட அலுவலகத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள்: தொலைபேசி எண் ஒரு சுற்றறிக்கையில் இருக்கும், சுற்றறிக்கை ஒரு கோப்பில் இருக்கும், கோப்பின் சாவி விடுப்பில் போனவரிடம் இருக்கும். ஆனால் வகுப்பு நடந்ததற்குப் புகைப்படம் எங்கே என்று மட்டும் மறுநாளே கேட்பார்கள். பெற்றோர் முகம் தெரிகிற படம் அனுப்பாதீர்கள், காலி நாற்காலிகளைப் படமெடுத்து அனுப்புங்கள். பங்குத்தந்தை மாற்றலாகிப் போனால் புதியவர் இதை நிறுத்தவும் வாய்ப்புண்டு. அதனால் அனுமதியை இப்போதே எழுத்தில் வாங்கி, ஒரு பிரதியைப் பள்ளியிலும் வையுங்கள்.

உங்கள் மகன் விஷயம் ஒன்று பாக்கி. அவனைப் பற்றிய கதைகள் குழுவில் உங்களுக்கு மிகவும் பயன்படும். ஆனால் அவனும் அதே பள்ளியில் படிப்பவனாக இருக்கலாம், கேட்பவர்கள் அவன் நண்பர்களின் பெற்றோராக இருக்கலாம். முதல் வகுப்புக்கு முன்னால், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவனிடமே கேளுங்கள். எதுவும் சொல்லாதே என்று அவன் சொன்னால், உங்களைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.