ஓர்ஸமாரில் நான் முடிசூட்டிய அரசன்

கேள்வி: ரோல்பிளே கேம்களில் மலைக்கு அடியில் இருக்கும் டுவார்ஃப் (கற்பனைக் குள்ள இனம்) தலைநகரங்கள் நிறைய வருகின்றன. உங்கள் மனதை விட்டு அகலாதது எது? ஏன்?

ஓர்ஸமார். பயோவேர் நிறுவனம் 2009-ல் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' கேமில் வரும் நகரம்.

அழகான நகரம் எது என்று கேட்டிருந்தால் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டின் அயர்ன்ஃபோர்ஜ் என்று சொல்லியிருப்பேன். நடுவில் பெரிய உலைக்கூடம், அதைச் சுற்றி வளையமாக ஊர், அங்கிருந்து ஸ்டார்ம்விண்டுக்குப் போக ஒரு சுரங்க ரயில். வேலை எதுவும் இல்லாமல் அங்கே சும்மா நடந்தாலே எனக்குப் பொழுது போய்விடும். ஆனால் அயர்ன்ஃபோர்ஜில் நான் விருந்தாளி. ஓர்ஸமாரில் நான் ஒருவருக்கு முடிசூட்டினேன். அது யாருக்கு என்ன செய்தது என்பதைக் கடைசியில்தான் பார்த்தேன்.

கதையின் முக்கியமான திருப்பங்கள் எல்லாம் கீழே வருகின்றன. இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஃப்ராஸ்ட்பேக் மலைத்தொடருக்கு அடியில் இருக்கிறது ஊர். கதவைத் தாண்டியதும் பாராகன்களின் பிரம்மாண்டமான சிலைகள். மாபெரும் சாதனை செய்தவரைப் பிரபுக்களின் சபை கூடிப் பாராகன் என்று அறிவிக்கும். அதன்பிறகு அவர் ஏறக்குறைய குலதெய்வம். உள்ளே கடைத்தெரு, அதற்குக் கீழே எரிமலைக் குழம்பு. ஊருக்கு வெளிச்சமும் சூடும் அதிலிருந்துதான். மேலே டைமண்ட் குவார்ட்டர்: அரண்மனை, பிரபுக்களின் வீடுகள், சபை, ஷேப்பரேட் என்கிற ஆவணக்காப்பகம். இன்னொரு பக்கம் டஸ்ட் டவுன், ஊரின் கடைநிலையில் இருப்பவர்களின் சேரி.

ஒரு காலத்தில் டுவார்ஃப்களின் பேரரசு பூமிக்கு அடியில் கண்டம் முழுக்கப் பரந்திருந்தது. ஊர்களை இணைத்த சுரங்கச் சாலைகளுக்கு டீப் ரோட்ஸ் என்று பெயர். டார்க்ஸ்பான் என்கிற அரக்கக் கூட்டம் பெரும்படையாகக் கிளம்புவதற்குப் பிளைட் என்று பெயர். முதல் பிளைட் வந்தபோது அது அந்தச் சாலைகள் வழியாகவே ஊர் ஊராகப் பிடித்தது. இப்போது மிஞ்சியிருப்பவை ஓர்ஸமாரும் கால்-ஷாரோக்கும்தான். இவ்வளவு இழந்த பிறகும் ஓர்ஸமார் விடாப்பிடியாகக் காப்பாற்றி வைத்திருக்கும் ஒன்று உண்டு. சாதி.

கேமில் ஆங்கிலத்தில் 'காஸ்ட்' என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல் போர்த்துகீசியர்கள் இந்தியாவுக்கு வந்து, இங்கே பார்த்ததற்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. அதனால் கனடாக்காரர்கள் எழுதிய கற்பனை உலகம் என்றாலும், டஸ்ட் டவுனில் நுழைந்ததும் எனக்கு அந்நியமாக இல்லை. எங்கள் கிராமத்தில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ஒரு வாய்க்கால். பள்ளிக்கூடம் போகும் வயதுவரை அந்த வாய்க்காலைத் தாண்டக்கூடாது என்று என்னை வளர்த்திருந்தார்கள்.

பிரபு, போர்வீரர், கொல்லர், கைவினைஞர், சுரங்கத் தொழிலாளி, வணிகர், பணியாளர் என்று பிறப்பிலேயே இடம் முடிவாகிவிடும். இவர்களுக்கெல்லாம் கீழே 'காஸ்ட்லெஸ்', சாதியற்றவர்கள். பிறந்ததும் முகத்தில் முத்திரை குத்திவிடுவார்கள். ஷேப்பரேட் தன் பேரேட்டில் ஊரின் வம்சங்களையெல்லாம் பதிந்து வைத்திருக்கிறது. இவர்கள் அதில் இல்லை. சாகும்போது மற்ற டுவார்ஃப்கள் கல்லோடு கலந்துவிடுவதாக நம்பிக்கை. அந்தக் கல்லும் இவர்களை ஏற்காதாம்.

இதை எழுதியவர்கள் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் என்பது ஒரு சின்ன விதியில் தெரியும். மகனுக்கு அப்பாவின் சாதி, மகளுக்கு அம்மாவின் சாதி. கேட்க ஏதோ சமத்துவம் மாதிரி இருக்கும். டஸ்ட் டவுனில் ஸெர்லிண்டா என்கிற பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள். சுரங்கத் தொழிலாளி குடும்பத்துப் பெண். குழந்தையின் அப்பா சாதியற்றவன். பெண் குழந்தையாகப் பிறந்திருந்தால் அது அம்மாவின் சாதி, பிரச்சினையே இல்லை. பிறந்தது பையன். பிள்ளையை டீப் ரோட்ஸில் விட்டுவிட்டு வா, வீட்டில் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள் பெற்றவர்கள். அவளுடைய அப்பா கடைத்தெருச் சாராயக்கடையில் இருப்பார். போய்ப் பேசலாம், அவர் மனதை மாற்றலாம். குழந்தையை விட்டுவிடச் சொல்லி அவளிடமே பேசும் வாய்ப்பையும் கேம் உங்கள் முன் வைக்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மவுஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

இதே விதியின் மறுபக்கம் 'நோபிள் ஹன்டர்'. சாதியற்ற பெண்கள் பாட்டும் நடனமும் நயமான பேச்சும் கற்று, ஒரு பிரபுவுக்கு ஆண் குழந்தை பெற்றுக்கொடுக்க முயல்வார்கள். மகன் அப்பாவின் சாதி என்பதால் பிள்ளை பிரபு. பிள்ளையோடு அம்மாவும் அந்த வீட்டுக்குள் போய்விடலாம். அவர்களுக்கு மேலே ஏற இருக்கிற ஒரே படி.

இப்போது தேர்தலுக்கு வருகிறேன். எண்ட்ரின் ராஜா இறந்துபோயிருக்கிறார். பிளைட்டை எதிர்க்கப் படை வேண்டும் என்று பழைய ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு நாம் வருகிறோம். அரசன் இல்லாமல் படை இல்லை; சபையோ இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு பக்கம் ஹாரோமாண்ட். இறந்த ராஜாவுக்கு நெருக்கமானவர், மரியாதை தெரிந்தவர், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். இன்னொரு பக்கம் ராஜாவின் இளைய மகன் பேலன். அண்ணன் ட்ரையனைக் கொல்ல ஏற்பாடு செய்துவிட்டுப் பழியை நடு உடன்பிறப்பின்மேல் போட்டவன்.

முதல் தடவை நான் பிரபு குடும்பத்துக் கதாபாத்திரமாக ஆடினேன். அந்த நடு உடன்பிறப்பு நான்தான். பழி சுமத்தி, பேரேட்டிலிருந்து என் பெயரை அழித்து, டீப் ரோட்ஸில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். திரும்பி வந்தபோது பேலனுக்கு ஆதரவு கொடுக்கும் எண்ணமே எனக்கு எழவில்லை. ஹாரோமாண்டுக்குத்தான் கிரீடம். சபையின் இழுபறியை ஒரு பாராகனின் வாக்குதான் தீர்க்கும் என்பதால், அதற்கு முன்னால் டீப் ரோட்ஸின் அடியாழம்வரை போய் ப்ராங்காவைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கும் ஒரே பாராகன்; புகையில்லா நிலக்கரியைக் கண்டுபிடித்தவள்; கோலம்களை வார்க்கும் பழைய பட்டறைக்கல்லைத் தேடித் தன் வீட்டார் அத்தனை பேரையும் பலி கொடுத்தவள். கோலம் என்றால் கல்லுடல் கொண்ட போர்வீரன். அதற்குள் இருப்பது உயிரோடு உள்ளே வைத்து வார்க்கப்பட்ட டுவார்ஃப். முதலில் தாங்களாக முன்வந்தவர்கள் மட்டும். பிறகு வால்டர் என்கிற ராஜா தன் எதிரிகளையும் சாதியற்றவர்களையும் பிடித்து அனுப்பினான். பட்டறைக்கல்லைச் செய்த காரிடின் மறுத்ததும் அவரையே கோலமாக்கினார்கள். அவர் வாயாலேயே இதைக் கேட்டுவிட்டு, அவர் பக்கம் நின்று பட்டறைக்கல்லை உடைத்தேன். அவர் செய்துகொடுத்த கிரீடத்தை ஹாரோமாண்டின் தலையில் வைத்தேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்கிற நிறைவோடு ஊரை விட்டுக் கிளம்பினேன்.

கேம் முடிந்ததும் ஒவ்வொரு இடத்துக்கும் என்ன ஆயிற்று என்று சில வரிகள் வரும். ஹாரோமாண்ட் ஆட்சியில் ஓர்ஸமார் தரைக்கு மேலே உள்ள உலகத்தோடு உறவைக் குறைத்துக்கொண்டது. கீழ்ச்சாதிகள்மேல் கட்டுப்பாடுகள் இறுகின. சபைக்கு மட்டும் அவரை மிகவும் பிடித்திருந்தது.

அவர் என்னை ஏமாற்றவில்லை. மரபைக் காப்பேன் என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மரபில் ஸெர்லிண்டாவின் பிள்ளைக்கு இடம் இல்லை என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை? ஒருவர் நல்ல மனிதரா என்று மட்டும் பார்த்தேன். யாருக்கு நல்லவர் என்று பார்க்கவில்லை. அவருடைய நாணயம் டைமண்ட் குவார்ட்டருக்குள் முழுக்க உண்மையானது. டஸ்ட் டவுன் அவர் கண்ணில் படவே இல்லை.

இரண்டாவது தடவை சாதியற்றவளாக ஆரம்பித்தேன். வீட்டில் குடிகார அம்மா, அக்கா ரிக்கா. அந்த அக்கா ஒரு நோபிள் ஹன்டர். கள்ளக்கடத்தல் கும்பலுக்கு அடியாள் வேலை நமக்கு. போட்டிக்களத்தில் சாதியற்றவர்கள் கால் வைக்கவே கூடாது. குடித்துவிட்டு விழுந்துகிடக்கும் ஒரு வீரனின் கவசத்தை மாட்டிக்கொண்டு அவன் பெயரில் சண்டை போட்டு ஜெயிப்போம். முகம் தெரிந்த நொடியில் வெற்றி குற்றமாகிவிடும். அப்படி வெளியேறியவள் ஊர் திரும்பும்போது அக்கா அரண்மனையில் இருக்கிறாள், கையில் ஆண் குழந்தை. அப்பா பேலன்.

இந்தத் தடவை பேலனுக்கு முடிசூட்டினேன். சூட்டிய கையோடு ஹாரோமாண்டைக் கொல்ல உத்தரவிட்டான். அங்கேயே எனக்கு வயிறு பிசைந்தது. கடைசி வரிகள் வேறு மாதிரி இருந்தன. தரைக்கு மேலே உள்ள உலகத்தோடு வணிகம் பெருகியது. டார்க்ஸ்பானோடு சண்டையிட முன்வந்த சாதியற்றவர்களுக்கு உரிமைகள் கிடைத்தன. இழந்த இடங்களில் சில மீண்டும் கைக்கு வந்தன. பிரபுக்கள் எதிர்த்தார்கள். அவன் சபையைக் கலைத்துவிட்டுத் தனியாளாக ஆண்டான்.

பேலன் செய்ததுதான் சரி என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணனைக் கொன்றவன், சபையையும் கலைத்தவன். நாளை அவன் கொடுத்ததைப் பறிக்க நினைத்தால் கேட்க ஆளில்லை. ஆனால் டஸ்ட் டவுனிலிருந்து பார்த்தால் அந்தச் சபை இவர்களுக்காக என்றைக்குமே கூடியதில்லை. அது கலைந்துபோனதற்கு அங்கே யார் அழுவார்கள்? இரண்டு தடவையும் ஆடியவன் நான் ஒருவன்தான். பிறந்த இடம் மாறியதும் அதே தேர்தல் வேறாகத் தெரிந்தது.

விளையாடுவதாக இருந்தால் பிரபு ஆரிஜினை (கதாபாத்திரத்தின் பிறப்புக் கதை) முதலில் எடுங்கள், சாதியற்ற ஆரிஜினை அடுத்து. வரிசையை மாற்ற வேண்டாம். இரண்டாவது தடவை சபைக்குப் போவதற்கு முன்னால் அரண்மனையில் ரிக்காவைத் தேடிப்போய்ப் பேசிவிடுங்கள். பிள்ளைக்கு எண்ட்ரின் என்று தாத்தாவின் பெயரை வைத்திருக்கிறார்கள்.