காற்றுக்கு நேரே திரும்பிப் படகு நின்றுவிட்டால்

தனியாகப் பாய்மரப் படகு ஓட்டுகையில், காற்றைக் கடந்து திருப்பும்போது படகு பாதியில் நின்று பத்து நிமிடம் அசையவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பூம் கழியையும் (பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கழி) சுக்கான் பிடியையும் ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள். பாய் பின்பக்கமாகக் காற்று வாங்கும், படகு பின்னோக்கி நகரும், அணியம் (படகின் முன்முனை) மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பும். காற்று பக்கவாட்டில் வந்ததும் இரண்டையும் உங்கள் பக்கம் இழுங்கள். பின்னே போகும்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும். நீங்கள் அதை முன்னே போவதுபோல ஆட்டியதால்தான் பத்து நிமிடம் அசையாமல் நின்றிருப்பீர்கள்.

திருப்பம் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் வேகக் குறைவுதான் காரணம். தனியாளாகப் போகையில் படகு இலேசு, அலை தட்டினாலே வேகம் போய்விடும். சுக்கானை வெடுக்கென்று முழுதாகத் திருப்பினால் அதுவே பிரேக்.

அடுத்த முறை திருப்புவதற்கு முன் பின்னால் பாருங்கள். நீர்த்தடம் நேராகவும் நுரையோடும் இருக்கிறதா? இல்லையென்றால் காற்றிலிருந்து சற்று விலகி, வேகம் ஏற்றி, பிறகு நிதானமாகத் திருப்புங்கள். அடிப்பலகைக்குக் கீழே தண்ணீர் சலசலக்கும் சத்தம் மாறுவதைக் காதே சொல்லிவிடும். விரிகுடாவில் தனியாக ஓட்டுவதில் எனக்கு மிகப் பிடித்தது அந்தச் சத்தம்தான். பேச ஆளிருந்தால் அது கேட்காது.

ஆனால் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் இதைப் பழக வேண்டாம். நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் வெளியே தள்ளப்படுவீர்கள். மிதவைச் சட்டை உடம்பில் இருக்கட்டும், பாயை இழுக்கவும் தளர்த்தவும் உதவும் பாய்க்கயிற்றை எங்கும் கட்டிவிடாமல் கையிலேயே வைத்திருங்கள்.