தேமலா, வேறு ஏதாவதா? சேலம் பெற்றோரின் கேள்விகளுக்குக் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறோம். பாப்பாவுக்கு ஆறு மாதம். பிறந்ததிலிருந்தே முதுகிலும் தொடையிலும் வெள்ளைப் புள்ளிகள். தேமல் என்று களிம்பு தடவுகிறோம். பத்து நாளாகத் தூங்கி எழுந்ததும் கையை விரித்து, தலையை வெடுக்கென்று குனிகிறாள். உரம் விழுந்திருக்கும் என்கிறார் மாமியார்.

பதில்: அம்மா, உங்களுக்குத்தான் முதல் பதில். உரம் எடுக்கப் போக வேண்டாம். குனிவது விட்டுவிட்டு வரிசையாக வந்தால் அது பெரும்பாலும் ஒருவகை வலிப்பு. கை கால் வெட்டி இழுத்து நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நினைக்கிறோம், இந்த வயதில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அடுத்த முறை வந்ததும் போனில் வீடியோ எடுங்கள். இன்றே மலையிறங்கி சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் அதைக் காட்டுங்கள். பாதி நோயை வீடியோவே சொல்லிவிடும். மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுப்பார்கள், இருட்டறையில் உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் புள்ளிகளையும் பார்ப்பார்கள். வேப்பிலை போல நீண்ட புள்ளிகளும் இந்த வலிப்பும் சேர்ந்தால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் (தோல், மூளை முதலிய உறுப்புகளில் கட்டிகள் வரும் மரபணு நோய்) என்ற சந்தேகம் வரும். சுமார் 6,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. அப்படியானால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்வார்கள். வலிப்புக்கு விகாபாட்ரின் என்ற மருந்து நன்றாகக் கேட்கும், அது பார்வையைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனை மட்டும் விடக்கூடாது. வலிப்பு நிற்கத் தாமதமானால் வளர்ச்சி பின்தங்கும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

கேள்வி: ஆத்தூர். நான் அக்கா மகளைக் கட்டியவன். நான்கு வயதுப் பையன் உடம்பெல்லாம் காபி நிறத் திட்டுகள். சொந்தத்தில் கட்டியதுதான் காரணமா?

பதில்: இதற்கு அது காரணமில்லை. 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக ஆறு திட்டாவது இருந்தால் நரம்புகளில் கட்டிகள் வரும் மரபணு நோயான நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகையா என்று பார்ப்போம். பாதிப் பேருக்குப் பெற்றோரிடம் நோயே இல்லாமல் புதிதாக வருகிறது. ஆனாலும் உங்கள் இருவர் உடம்பையும் பாருங்கள்: அக்குளில் புள்ளிகள், தோலில் மெத்தென்ற கட்டிகள். பையனுக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனை வேண்டும். படிப்பில் தடுமாறினால் அடிக்காதீர்கள், அதுவும் நோயின் பகுதியாக இருக்கலாம். சொந்தத்தில் கட்டுவதால் கூடும் நோய்கள் வேறு உண்டு, நடை தள்ளாடும் அட்டாக்ஸியா டெலாஞ்சியெக்டேசியா போல.

கேள்வி: மேட்டூர். பேத்திக்கு நெற்றியிலும் இமையிலும் சிவப்பு மறு. கிரகணத்தில் மகள் வெளியே வந்துவிட்டாள்.

பதில்: பாவம், மகளைத் திட்டாதீர்கள். கரு வளரும்போது சில செல்களில் ஜி.என்.ஏ.க்யூ. மரபணு தானாக மாறுவதால் வருவது, 2013இல் கண்டுபிடித்தார்கள். பரம்பரையாக வராது. இந்த இடத்தில் மறு இருந்தால் மூளையின், கண்ணின் ரத்தக் குழாய்களையும் பாதிக்கும் ஸ்டர்ஜ்-வெபர் நோயா என்று பார்க்க வேண்டும். கண் அழுத்தத்தை இப்போதே பாருங்கள், வலிப்பு வருகிறதா என்றும் கவனியுங்கள்.

கேள்வி: தோலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: கருவில் இரண்டும் ஒரே படலத்திலிருந்து உருவாகின்றன.

கேள்வி: டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் உள்ள என் மகனுக்குப் பத்து வயது. மூக்கைச் சுற்றிப் பரு.

பதில்: அது பருவே இல்லை, அந்த நோயின் கட்டிகள். பரு கிரீம் வீண் செலவு. சிரோலிமஸ் களிம்பு பற்றித் தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.