கொய்யாவைக் கடித்தது யார்? கொல்லைப்புறப் பழமரங்களும் அவற்றைத் தேடி வருபவையும்: கேள்வி பதில்

செங்கோட்டைக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், வீட்டை ஒட்டிய அரை ஏக்கரில் மா, கொய்யா, சப்போட்டா, பலா, பப்பாளி எல்லாம் கலந்து நிற்கின்றன. அங்கே வந்து போகிறவற்றைப் பார்த்து நோட்டில் குறித்து வைப்பது இருபது வருடப் பழக்கம். அந்தத் தைரியத்தில்தான் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: "பழமெல்லாம் போச்சு" என்று மட்டும் எழுதாதீர்கள். கடிபட்ட பழம் எப்படி இருந்தது, மரத்தடியில் என்ன கிடந்தது, போனது பகலிலா ராத்திரியிலா என்று எழுதுங்கள். பாதி வழக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

நாகர்கோவில் வாசகர்: சார், கொய்யா மரத்துல ஒரு பழம் மிஞ்ச மாட்டேங்குது. சாயங்காலம் பாத்து வச்ச பழம் காலைல இல்ல. மரத்தடியில தோல்கூடக் கெடக்கல. அணில்தான்னு பொறி வச்சேன், ஒண்ணும் சிக்கல.

பொறியை எடுத்துவிடுங்கள். அணில் பகல் பிராணி, இருட்டினால் கூட்டைவிட்டு அசையாது. தவிர, அது பழத்தைக் காம்போடு விட்டு ஓரத்தில் சுரண்டித் தின்னும், பல் கோடு கோடாகத் தெரியும். கிளி என்றால் அலகால் கிள்ளி, பாதி தின்று கீழே போட்டிருக்கும். குரங்கு ஒரு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவும், மரத்தடி கலவரம் நடந்த இடம்போல இருக்கும்.

ராத்திரியில், முழுப் பழமாக, தடயமே இல்லாமல் போகிறது என்றால் எனக்குச் சந்தேகம் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால்மேல்தான். நாம் அண்ணாந்து பார்க்கிற, ஆலமரத்தில் நூற்றுக்கணக்கில் தொங்குகிற பெரிய வௌவால் வேறு. அது சிறகு விரித்தால் நாலு அடி. இது கைக்குள் அடங்கும். கொய்யாவைக் கவ்விக்கொண்டு பாதுகாப்பான வேறொரு இடத்துக்குப் போய்த் தொங்கியபடி தின்னும். சதையை மென்று சாற்றை விழுங்கி, நாரைச் சக்கையாகத் துப்பிவிடும். அந்தச் சக்கையைத் தேடுங்கள். போர்ட்டிகோவின் உட்கூரைக்குக் கீழே, நெட்டிலிங்க மரத்தடியில், தொங்கும் பனையோலைகளுக்கு அடியில். பக்கத்தில் வாதாமரமே இல்லாத வீட்டில் காலையில் சப்பிப்போட்ட வாதாங்கொட்டை கிடக்கிறதா? ஆள் அதேதான். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஆளை மாற்றிப் பிடிப்பது நமக்கு மட்டும் நடப்பதில்லை. 1948-இல் மேகமலையில் பிடித்த ஒரு வௌவாலை இந்தக் குட்டைமூக்கு இனம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். 1972-இல் கிட்டி தொங்லோங்யா என்ற தாய்லாந்து ஆய்வாளர் அதை எடுத்துப் பார்த்து, இது உலகத்துக்கே புதிய இனம் என்று சொன்னார். பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைத் தாங்கிய பழந்தின்னி வௌவால் அதுதான்.

மதுரை வாசகி: அணில் கடிச்ச பழம் இனிக்கும்னு எங்க ஆச்சி எடுத்துக் குடுக்கும். இப்ப பேரன் பேத்திகளுக்கும் குடுக்குது. நிபா பயத்துல நான் தடுத்தா சண்டை. யார் சொல்றது சரி?

இனிப்பு விஷயத்தில் ஆச்சி சரி. அணில் கடித்ததால் இனிப்பு ஏறுவதில்லை, இனிப்பு ஏறிய பழத்தை அது தேடிக் கடிக்கிறது. நானும் சின்ன வயதில் அதற்காக அண்ணனோடு அடித்துக்கொண்டவன்தான்.

ஆனால் தடுப்பதில் நீங்கள் சரி. 2018-இல் கோழிக்கோடு, மலப்புறம் பக்கம் நிபா வந்து 17 பேர் இறந்தார்கள். அந்த வைரஸ் பெரிய பழந்தின்னி வௌவால்களிடம் இயல்பாகவே இருப்பது. வௌவாலுக்கு ஒன்றும் செய்யாது. பழத்தில் எச்சில் பட்டு நமக்கு வரலாம் என்பதுதான் கவலை. காலையில் மரத்தடியில் கிடக்கிற பழத்தை அணில் கடித்ததா வௌவால் கடித்ததா என்று ஆச்சியால் சத்தியம் பண்ண முடியாது. அதனால் பல் பட்ட பழம் எதுவும் வாய்க்கு வேண்டாம். கடித்த இடத்தை வெட்டிவிட்டு மீதியைத் தின்பதும் கூடாது. முழுப் பழத்தை நன்றாகக் கழுவி, முடிந்தால் தோல் சீவித் தின்னுங்கள். வௌவாலை விரட்டக் கல்லெறிவதும், அது தொங்கும் மரத்தை வெட்டுவதும் இதற்கு மருந்தல்ல, மிரண்ட கூட்டம் இன்னும் நாலு இடத்துக்குப் பரவும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, எங்கட வளவில ரெண்டு கறுத்தக்கொழும்பான் மாமரம் நிக்குது. பொழுதுபட வௌவால் வந்திடும். கடையில விக்கிற நைலோன் வலையைப் போடச் சொல்லி அயலவை சொல்லினம். போடலாமோ?

போடாதேங்கோ. அதுவும் மீன்வலை மாதிரி மெல்லிசாக, கண்ணுக்கே தெரியாத வலை வேண்டவே வேண்டாம்.

நான் ஒரு வருடம் போட்டேன். சப்போட்டா மரத்தின்மேல், தளர்வாக, போர்வை போர்த்துகிற மாதிரி. மூன்றாம் நாள் காலையில் ஒரு புள்ளி ஆந்தை தலைகீழாகத் தொங்கியது, ஒரு சிறகில் நூல் எலும்புவரை இறங்கியிருந்தது. அதற்கு இரண்டு அடி தள்ளி ஒரு வௌவால், அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. நகவெட்டியை வைத்து ஒவ்வொரு நூலாக அறுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம். ஆந்தை பிழைக்கவில்லை. எலி பிடித்துக்கொடுத்த ஆந்தையை நானே கொன்றிருக்கிறேன். அன்றைக்கே வலையைச் சுருட்டினேன்.

கறுத்தக்கொழும்பான் அத்தனை பேர் கேட்கிற பழம், அதனால் காய்க்கு ஒரு பை கட்டினால் கூலிக்குக் கட்டுபடியாகும். காகிதப் பை, பழைய வேட்டித் துணி எதுவானாலும் சரி. முற்றத் தொடங்கும்போதே கட்ட வேண்டும், வாசனை வந்த பிறகு கட்டினால் பையோடு கிழிக்கும். வலைதான் வேண்டுமென்றால் கண் உங்கள் சுண்டுவிரல் நுழையாத அளவு, வெள்ளை நிறம், சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டியது. இல்லாவிட்டால் முற்றிய காயாகப் பறித்து வைக்கோலில் பழுக்க வையுங்கள். மேல்கொப்புக்கு ஏணி எட்டாது. அது அவர்கள் பங்கு.

தாம்பரம் வாசகர்: ஓட்டு வீட்டுப் பரண்ல ராத்திரி ஆள் நடக்கிற மாதிரி சத்தம். பப்பாளி மரத்துல பழுத்த பழம் மட்டும் குடைஞ்சிருக்கு. மதில்மேல கருப்பா, விதைவிதையா எச்சம். என் மனைவி பேய்ங்கறாங்க.

பேய் பப்பாளி தின்னாது. மரநாய் ஐயா. கேரள எல்லைப் பக்கம் மரப்பட்டி என்பார்கள். பூனையும் இல்லை, நாயும் இல்லை. சாம்பலும் கருப்பும் கலந்த உடம்பு, நீள வால், முகத்தில் முகமூடி போட்ட மாதிரி கருப்பு.

உங்கள் தடயங்கள் பாடப்புத்தகம் மாதிரி இருக்கின்றன. மரநாய் காயைத் தொடாது. பழுத்ததை மட்டும் முகர்ந்து பார்த்து எடுக்கும். நான் ஒருநாள் டார்ச்சில் பார்த்தேன்: பின்னங்கால்களால் பப்பாளித் தண்டைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பழத்துக்குள் காதுவரை விட்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் தலையை எடுத்து என்னைப் பார்த்தது, மீசையெல்லாம் விதை. ஓடும் என்று நினைத்தேன். திரும்பவும் தலையை உள்ளே விட்டுக்கொண்டது. மறுநாள் கிணற்று மேடையில், வழக்கமான அதே இடத்தில், அத்தனை விதையும் அலசி வைத்த மாதிரி கிடந்தது. இதில் பாதி முளைக்கும். என் தோப்பின் வேலியோரப் பப்பாளிகளில் நான் நட்டது ஒன்றுகூட இல்லை.

பரணுக்கு வருவோம். பொறி வைக்காதீர்கள், புகை போடாதீர்கள். சட்டம் காக்கும் விலங்கு என்பது ஒரு பக்கம். மேலே குட்டி இருந்தால் தாய் வெளியே போய்விடும், குட்டிகள் செத்து நாறும். முதலில் பகலில் வழியைக் கண்டுபிடியுங்கள். விலகிய ஓடு, இறவாரத்துச் சந்து, அல்லது கூரைமேல் சாய்ந்த மாங்கிளை. கிளையை வெட்டுங்கள். பரணில் இரண்டு மூன்று நாள் விளக்கை அணைக்காமல் விடுங்கள். இருட்டும் அமைதியும் போனால் அதுவே குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறிடம் மாற்றும். சத்தம் முழுக்க நின்ற பிறகு, இரவு எட்டு மணிக்கு மேல், வழியை அடைத்துவிடுங்கள். அடைத்த இரவு மேலே சத்தம் கேட்டால் உடனே திறந்துவிட வேண்டும்.

பப்பாளிக்கு? தண்டைச் சுற்றி மூன்றடி அகலத் தகரம், தரையிலிருந்து ஆறடி உயரத்தில். தென்னையில் எலிக்குக் கட்டுவதைவிட அகலமாக. பக்கத்து மரத்திலிருந்து தாவ வழி இருந்தால் தகரம் வீண்.

அய்யலூர் பக்கமிருந்து: புளியமரத்துல ராத்திரி டார்ச் அடிச்சா ரெண்டு சிவப்புக் கண்ணு, மெதுவா நகருது. தேவாங்குன்னு சொல்றாங்க. கொய்யாவுக்கு ஆபத்தா?

கொய்யாவுக்கு ஒன்றும் இல்லை, கொய்யாவில் இருக்கிற பூச்சிக்குத்தான் ஆபத்து. தேவாங்கின் முக்கிய உணவே பூச்சிதான், நாம் தொடக் கூசுகிற எறும்பு, வண்டுகூட. கால் கிலோவை ஒட்டிய எடை, வாலே கிடையாது. ஒல்லியானவனைத் "தேவாங்கு மாதிரி" என்று ஏசியும், மாந்திரீகத்துக்கென்று பிடித்தும் நாம் செய்த கொடுமை கொஞ்சமில்லை. உங்கள் பக்கத்துக் காடுகளைத்தான் 2022-இல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள், 11,806 ஹெக்டேர். தரையில் நடக்கச் சிரமப்படும் பிராணி, கிளைவழியாகத்தான் போகும். அதனால் புளியமரத்துக்கும் வேலிக்கும் நடுவில் கிளைகள் தொடுகிற மாதிரி விட்டு வையுங்கள். பூச்சிமருந்து அடிப்பதைக் குறையுங்கள். அதன் சாப்பாட்டில்தான் விழுகிறது.

கோத்தகிரி வாசகி: பலா சீசன்ல கரடி முற்றம் வரைக்கும் வருது. நாய் குலைச்சா வெளிய போய்ப் பாக்கலாமா?

போகவே கூடாது, அம்மா. இந்தப் பட்டியலில் நான் பயப்படுகிறது கரடிக்குத்தான். அதற்குக் கண் மந்தம், மூக்கு பிரமாதம். திடீரென்று எதிர்ப்பட்டால் ஓடுவதைவிடப் பாய்வதுதான் அதன் சுபாவம், அதுவும் முகத்தைக் குறிவைத்து. ஜன்னல் வழியே விளக்கைப் போட்டு, தட்டைத் தட்டி, அது போக வழிவிட்டு இருங்கள். விடியுமுன் கழிப்பறைக்கு வெளியே போக வேண்டிய வீடு என்றால் விளக்கும் துணைக்கு ஆளும் வேண்டும்.

வேலை பகலில் செய்ய வேண்டியது. பலாவைப் பழுக்க விடாதீர்கள், முற்றியதும் இறக்கி விற்றுவிடுங்கள், அல்லது பிஞ்சிலேயே கறிக்கு எடுங்கள். உரித்த மடலையும் சடையையும் வீட்டுப் பின்னால் கொட்டினால் அழைப்பிதழ் வைத்த மாதிரி. ஆழக் குழிதோண்டி மூடுங்கள். கீழே கல்லாறு, பர்லியாறு பக்கம் இதே பலாவுக்கு யானையே வரும். திரும்பத் திரும்ப வந்தால் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்: மாந்தோப்புல பூனை அளவுக்கு ஒரு அணில். சாம்பல் நிறம். பிடிச்சு வளக்கலாமா?

ஜெயில் உறுதி. அது நரைமயிர் மலையணில், உங்கள் ஊர்ச் சரணாலயமே அதற்காக அமைத்ததுதான். பார்த்து ரசியுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: பொறுமையா எல்லாம் சொல்றீங்க. பன்னிக்கு வேலியில கரண்ட் விட்டா, வௌவாலுக்கு மருந்து தடவின பழம் வச்சா ஒரே நாள்ல முடியும்ல?

முடியும், யாருடைய கதை என்பதுதான் கேள்வி. வீட்டு மின்சாரத்தை வேலியில் விட்டுச் செத்ததில் பன்றி மட்டுமல்ல, மாடு மேய்க்கப் போனவர்களும் உண்டு. அது குற்றம். முறையான சூரியசக்தி வேலிக்கே 2023 விதிப்படி பதிவு வேண்டும். அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி, வைக்கிற யோசனையும் இருந்தால், 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடி வைத்த பழத்தைக் கடித்துவிட்டு, வாய் கிழிந்து, ஆற்றில் நின்றபடி செத்த சினை யானையை நினைத்துக்கொள்ளுங்கள். வௌவாலை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது பழைய கணக்கு. எலி, காகத்தோடு பழந்தின்னி வௌவாலையும் தீங்கு செய்பவை என்று வைத்திருந்த, வனவிலங்குச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையை 2022 சட்டத்திருத்தம் எடுத்துவிட்டது. இந்தக் கேள்விக்கு இதற்குமேல் பதில் இல்லை.

தென்காசி: மாமரத்துல கொம்பேறி மூக்கன். கடிச்சுட்டு, சுடுகாட்டுப் புகை வர்ற வரைக்கும் மரத்துல இருந்து பாக்குமாமே?

அது பார்ப்பது பல்லியையும் தவளையையும்தான். விஷம் கிடையாது. மரம் ஏறுமுன் ஒரு குச்சியால் கிளையைத் தட்டுங்கள், விலகிவிடும். குரங்கு கடித்தால்தான் பயப்பட வேண்டும். பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்கு ஆஸ்பத்திரி போங்கள். மரநாய், வௌவால் கடிக்கும் அதேதான்.

கோவை வாசகி: இவங்களுக்குன்னே ஒரு மரம் நட்டா நம்ம மரத்தை விட்டுடுவாங்களா?

முழுக்க விடாது. இடம் இருந்தால் அத்தி, நாவல் வையுங்கள். சின்ன இடமானால் தேன்பழ மரம், சிங்கப்பூர் செர்ரி என்பார்களே, அது. வெளிநாட்டு மரம்தான், ஆனால் வருடம் முழுக்கக் காய்க்கும். பகலில் குயில், குக்குறுவான், கொண்டைக்குருவி. ராத்திரியில் வௌவால். கொய்யாவில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. மாம்பழ வாசனை வந்துவிட்டால் தேன்பழத்தை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மறுபடி நாகர்கோவில்: சார், பாத்தேன். பக்கத்து வீட்டுக் கார் ஷெட்ல, தகரத்துக்கு அடியில, சக்கை சக்கையா கெடக்கு. வாதாங்கொட்டை பதினாலு. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாசமா நான்தான் குப்பை வீசறேன்னு நெனச்சிருக்கார்.

அப்போ ஆள் உறுதி. அந்த ஷெட்டில் ராத்திரி ஒரு சின்ன பல்பை எரிய விடச் சொல்லுங்கள், தின்ன வேறு இடம் தேடிக்கொள்ளும். கொய்யா பச்சையிலிருந்து வெளுக்கத் தொடங்குமுன் பையைக் கட்டுங்கள். எட்டாத கிளையை விட்டுவிடுங்கள். முதல் பழுப்பில் ரெண்டு பழத்தை அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுங்கள், ஒரு மாதமாகக் கூட்டிக்கொண்டிருக்கிறவர் அவர்தான்.