பைபாஸ் முடிந்து கிடங்கு வேலைக்கு எப்போது திரும்பலாம்?

கணவருக்கு இதய பைபாஸ் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது, சிங்கப்பூர் துவாஸில் கிடங்கு வேலை, மேலாளர் “எப்ப வர்றார்?” என்று விடாமல் கேட்கிறார், அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டி தூக்கும் வேலை என்றால் இப்போது வேண்டாம். எனக்கும் அதே ஆபரேஷன்தான். ஆனால் நான் ஸ்டோரில் கணக்குப் பார்ப்பவன், என் கதையை வைத்து அவருக்கு நாள் குறிக்கக் கூடாது.

இங்கே நாள் குறிப்பது இதயம் இல்லை, நெஞ்செலும்பு. அதை நடுவில் அறுத்துத் திறந்து, முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். ஓரளவு ஒட்ட ஆறிலிருந்து எட்டு வாரம், நன்றாக இறுக ஏறக்குறைய மூன்று மாதம். வெளியே பார்க்க ஆள் தேறிவிட்டார், கோப்பிக் கடை வரை நடக்கிறார், அதனால் எல்லாரும் ஏமாந்துபோகிறோம். இன்னொன்று, “தூக்கவே மாட்டேன், பேலட் ஜாக் மட்டும் இழுக்கிறேன்” என்பார், சரக்கு அடுக்கிய பலகையை நகர்த்தும் கைவண்டி அது. இழுப்பதும் தள்ளுவதும் அதே எலும்பில்தான் போய் விழும்.

சம்பளக் கவலைக்கு வருவோம். வேலைச் சட்டப்படி ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு மருத்துவமனை விடுப்பு உண்டு. சாதாரண எம்.சி. (மருத்துவ விடுப்பு) 14 நாளும் அதற்குள் அடக்கம். வேலை நாள் கணக்கு என்பதால், வாரம் ஐந்து நாள் வேலைக்காரருக்குப் பன்னிரண்டு வாரம் வரை வரும், இந்த ஆண்டு முன்பே எடுத்ததைக் கழித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஓய்வெடுத்தாலும் டாக்டர் சான்று கொடுத்தால் செல்லும்.

திரும்பும்போது டாக்டர் கடிதத்தில் வெறுமனே ‘லைட் டூட்டி’ என்று இருந்தால் போதாது. எத்தனை கிலோ வரை, இரவு ஷிப்டு உண்டா, ஏணி ஏறலாமா என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆள் பற்றாக்குறை நாளில் “இந்த ஒரு பெட்டி மட்டும்” என்பார்கள், நம்மாட்களும் மறுக்க மாட்டார்கள். இதய மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போகிறார் என்றால், செய்கிற வேலையை அப்படியே பிசியோவிடம் சொல்லச் சொல்லுங்கள், அதற்கேற்ற பயிற்சி கொடுப்பார்கள்.

என்னைச் சோர்வாக்கியது வேலையைவிடப் பயணம்தான். காலை நெரிசலில் மேல்பிடியைப் பிடித்து நிற்கும்போது பஸ் பிரேக் போட்டால் நெஞ்சு முழுக்க இழுக்கும். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் உள்ள பயணிகள் சேவை நிலையத்தில் இருக்கை கேட்கும் ஸ்டிக்கர் தருகிறார்கள், வெட்கப்படாமல் ஒட்டிக்கொள்ளட்டும். முதல் சில வாரம் நெரிசலுக்குப் பிறகு வர அனுமதி கேட்டுப் பாருங்கள்.

எரிச்சல், தூக்கமின்மை, காரணமில்லாமல் கண் கலங்குவது, இதெல்லாம் பலருக்கும் வரும். வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்செலும்பு ‘கடக்’ என்று அசைந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு போன் போடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள்.

மேலாளரிடம் குத்துமதிப்பாக ஒரு தேதி சொல்லிவிடாதீர்கள். அடுத்த கிளினிக் அப்பாயின்ட்மென்ட் தேதியைச் சொல்லி, அதன் பிறகு டாக்டர் கடிதத்தோடு பேசுகிறோம் என்று மெசேஜ் அனுப்புங்கள். அவருக்கு ரோஸ்டர் போட அது போதும்.