சமரசப் பேச்சு முறிந்த பிறகு...

கேள்வி: விவாகரத்துக்கான சமரசப் பேச்சு வீட்டுப் பங்கில் முறிந்துவிட்டது. தன் வருமானம் பற்றி அங்கே கணவர் ஒப்புக்கொண்டதை நீதிமன்றத்தில் சொல்லலாமா? இனி என்ன செய்வது?

பதில்: பொதுவாக, அதை நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. சமரச அறையில் பேசியது ரகசியம். பேச்சு முறிந்தது என்பது மட்டுமே நீதிபதிக்குப் போகும். வருமானத்தைச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு ஆகியவற்றால்தான் நிரூபிக்க வேண்டும். அவரிடம் இருப்பவற்றைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி மனு போடலாம்.

எல்லாமே முறிந்ததாக நினைக்காதீர்கள். குழந்தையைப் பார்க்கும் நாள்களில் ஒத்துப்போயிருந்தால் அதை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்யலாம். வீட்டு விஷயத்தில் தகராறு பெரும்பாலும் மதிப்பைப் பற்றியதே. இருவருக்கும் சம்மதமான மதிப்பீட்டாளர் ஒருவரை வையுங்கள். கடன் பாக்கியைக் கழித்த தொகையைத்தான் பங்கிட முடியும். இதை மறந்து சண்டையிடுவோரே அதிகம்!

வழக்கு முடிய நாளாகும். அதுவரைக்கும் இடைக்கால ஜீவனாம்சம் கேளுங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து என மாதச் செலவை ரசீதோடு காட்டுங்கள். ஒரு தொகையைக் கூட்டிச் சொன்னாலும் குறுக்கு விசாரணையில் மற்றவையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். கூட்டுக் கணக்கைக் காலி செய்வது கூடவே கூடாது. வழக்கறிஞர்கள் வழியாகப் பேச்சைத் தொடரத் தடையில்லை. தீர்ப்புக்கு முந்தைய நாள்கூட உடன்பாடு எட்டலாம்.