தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய காகிதங்களை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? சாதாரண ஆட்கள் பார்க்க முடியுமா?

பார்க்கலாம். அதற்கு முன் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் என் தொழில். பழைய ஆவணங்களைச் சீரமைக்கும் வேலை பார்க்கிறேன். தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் குறுகிய காலப் பயிற்சி ஒன்றில்தான் கற்றுக்கொண்டேன்.

அந்தக் காப்பகம் 1891 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் 'இம்பீரியல் ரெக்கார்டு டிபார்ட்மென்ட்' என்ற பெயரில் தொடங்கியது. தலைநகரம் மாறிய பிறகு தில்லிக்கு வந்தது. அங்கே இருப்பவற்றை வரிசையாக அடுக்கினால் சுமார் 40 கிலோமீட்டர் வரும் என்பார்கள்.

கரையான், ராமபாணப் பூச்சி, பூஞ்சை, ஈரம் எல்லாம் நம் வீட்டு அலமாரிக்கும் எதிரிகள்தான். என்னைப் பதறவைப்பது மை. 19-ஆம் நூற்றாண்டுக் கோப்புகளில் நிறைய இடங்களில் மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த மையைப் பார்க்கலாம். எழுதிய புதிதில் கருகருவென்று அழகாக இருந்திருக்கும். நாளாக நாளாக அதிலுள்ள அமிலமும் இரும்பும் காகிதத்தை அரித்து, அழுத்தி எழுதிய இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழும். ஒரு கையெழுத்தின் சுழி மட்டும் தனியாக உதிர்ந்து மேசையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பலமாக மூச்சுவிட்டாலே பறந்துவிடும்.

அப்படி ஒரு தாள் கைக்கு வந்தால், முதலில் ஓர் ஓரத்தில் ஒரு துளி நீர் வைத்து மை கரைகிறதா என்று பார்ப்போம். கரையவில்லை என்றால்தான் சுண்ணாம்புத் தெளிநீர் போன்ற கரைசலில் முக்கி அமிலத்தைத் தணிப்பது. அப்புறம் மெல்லிய டிஷ்யூ தாளை மாவுப் பசையால் ஒட்டுவோம், எழுத்து அதன் வழியே தெரியும். மிகவும் நொறுங்கிய தாளுக்கு வேறு வழி உண்டு. இருபுறமும் அசிட்டேட் என்ற மெல்லிய ஒளிபுகும் படலம், அதன்மேல் டிஷ்யூ வைத்து, அதைக் கரைக்கும் அசிட்டோன் திரவத்தில் நனைத்த பஞ்சால் தடவினால் படலம் இளகிப் பிடித்துக்கொள்ளும். சூடும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். தேசிய ஆவணக் காப்பகத்திலேயே உருவான முறை இது.

இதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். இன்று நாம் செய்வதை நாளை இன்னொருவர் தாளுக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடிய வேண்டும். மாவுப் பசை நீரில் இளகும், அசிட்டேட் அசிட்டோனில் கரையும். எங்கள் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தை அப்பா அக்கறையோடு ஜெராக்ஸ் கடையில் பிளாஸ்டிக் லேமினேஷன் போட்டு வைத்தார். இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தும் அதை என்னால் பிரிக்க முடியவில்லை. தயவுசெய்து உங்கள் பத்திரங்களுக்கு அதைச் செய்யாதீர்கள், செல்லோ டேப்பும் ஒட்டாதீர்கள்.

சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டப்படி, 1892-க்கு முந்தைய ஆவணத்தை, இனி எதற்கும் பயன்படாத அளவுக்குச் சிதைந்துபோனது என்று காப்பகத் தலைவர் கருதினால் ஒழிய, அழிக்கவே கூடாது. இந்தத் தடையை மீறினால் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

சரி, நீங்கள் எப்படிப் பார்ப்பது? அடையாள அட்டையோடு தில்லிக் காப்பகத்தின் ஆய்வாளர் படிப்பறைக்குப் போய், பட்டியலில் கோப்பு எண்ணைக் கண்டுபிடித்து, சீட்டு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை ஒரு கட்டை அவிழ்க்கும்போதும் அதன் ஆயுள் கொஞ்சம் குறைகிறது. அதனால்தான் 2015-ல் வந்த 'அபிலேக் படல்' என்ற இணையதளத்தை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஸ்கேன் ஆன கோப்பை, பதிவு செய்துகொண்டு வீட்டிலிருந்தே படிக்கலாம். நூறு பேர் படித்தாலும் மூலத்தாள் அலமாரியில் அசையாமல் இருக்கும்.

மொரிசியஸுக்கோ தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கோ ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்களைத் தேடுகிறவர்கள் குடிபெயர்வுப் பிரிவுக் கோப்புகளிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அரசுக் கடிதங்களும் அறிக்கைகளும்தான் இருக்கும், எடுத்தவுடன் கொள்ளுத்தாத்தா பெயர் வந்துவிடாது. ஊர்ப் பெயரை அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் தட்டச்சு செய்ய வேண்டும். திருச்சி என்று தேடினால் கிடைக்காதது 'ட்ரிச்சினாப்பொலி' என்று தேடினால் வரும். தஞ்சாவூருக்கு 'டாஞ்சூர்' போட்டுப் பாருங்கள்.